விண்டிக்டிவ்: வர்மம் வைக்கும் மனத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் நான் நடத்தும் மாலைநேர ஆங்கில வகுப்பில் பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்காகத் தேர்வு எழுதப்போகும் செவிலியர்களே படிக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு வாசிப்புப் பயிற்சியில் ஒரு மேற்பார்வையாளரைப் பற்றி 'விண்டிக்டிவ்' என்ற பெயரடை வந்தது. அகராதியைப் பார்க்காமல் பொருள் எழுதச் சொன்னேன். வகுப்பில் இருந்த 11 பேரில் ஏழு பேர் 'கோபக்கார' என்று எழுதினார்கள். இரண்டு பேர் 'பொறாமை பிடித்த' என்றார்கள். ஒருவர் 'கெட்ட' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும், "சார், எழுத்துத் தமிழ் வரல்ல" என்று தயங்கிக்கொண்டே, 'மனசுல வச்சு செய்யுற' என்று எழுதியிருந்தார். அவர் எழுதியதே சரியான பொருளுக்கு மிக அருகில் இருந்தது. அன்றைய வகுப்பில் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தனக்குத் தீங்கு செய்தவர் என்று ஒருவர் நம்பும் ஆளின்மீது அந்த நினைவை ஆறவிடாமல் வைத்திருந்து, வாய்ப்புக் கிடைக்கும்போது திருப்பிக் காயப்படுத்த வேண்டும் என்ற முனைப்போடு இருக்கும் இயல்பையே இந்தப் பெயரடை குறிக்கிறது. முன்பு நடந்த தீங்கு உண்மையானதாகவும் இருக்கலாம், அவராகக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். சொல் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் முன்பு ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும் என்பது இந்தச் சொல்லின் உயிர்நாடி. காரணமே இல்லாமல் பிறரை நோகடிப்பவரை ஆங்கிலத்தில் வேறு சொற்களால் குறிப்பார்கள், இதனால் குறிப்பதில்லை.

அகராதிகள் இதற்குத் தரும் 'பழிவாங்கும்' என்ற தமிழ் தவறில்லை, ஆனால் அது முழுமையும் இல்லை. பழிவாங்குதல் ஒரு செயல். ஆங்கிலப் பெயரடையோ பெரும்பாலும் ஒரு குணத்தைச் சொல்கிறது. பழியை இன்னும் வாங்காத, ஒருவேளை கடைசிவரை வாங்க வாய்ப்பே கிடைக்காத ஒருவரையும் இந்தச் சொல்லால் குறிக்கலாம். ஆகவே மனிதரைப் பற்றிப் பேசும்போது 'பழிவாங்கும் குணமுடைய' என்று எழுதுவதும், நடவடிக்கையைப் பற்றிப் பேசும்போது 'பழிவாங்கும் நோக்கிலான' என்று எழுதுவதும் நல்லது.

நமக்குப் பழக்கமான ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். நாஞ்சில் நாட்டில் ஒரே கால்வாயிலிருந்து அடுத்தடுத்து நீர் பாயும் இரண்டு வயல்கள் இருக்கின்றன. மேல்வயல்காரர் ஒரு கோடையில் மடையைத் தம் முறை முடிந்த பிறகும் அடைக்காமல் விட்டுவிட, கீழ்வயலில் நாற்று கருகிவிடுகிறது. கீழ்வயல்காரர் அன்றே வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறுநாள் காலை தேநீர்க் கடையில் அதே ஆளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அது கோபம். ஆங்கிலத்தில் 'ஆங்ரி' என்றால் போதும். அவர் பாசன அலுவலரிடம் மனு கொடுத்து, நட்டத்துக்கு ஈடு கேட்டால் அது நியாயம் கேட்பது. அதற்கு எந்த இழிவான பெயரடையும் கூடாது. ஆனால் அவர் வாய் திறவாமல் இருந்து, ஆறு ஆண்டுகள் கழித்து, மேல்வயல்காரரின் மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டு நிற்கும்போது, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லை மெல்லப் போட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருகிய நாற்றுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இழப்பின் அளவுக்கும் திருப்பிச் செய்ததன் அளவுக்கும் பொருத்தம் இல்லை. இந்த மூன்றாவது வகை மனிதருக்குத்தான் 'விண்டிக்டிவ்' என்ற சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

நம் மாவட்டத்தில் நினைவை 'ஓர்மை' என்று சொல்வோம். இந்தச் சொல்லை விளக்கும்போது எனக்கு ஓர்மை என்ற சொல்லே முதலில் நாவில் வருகிறது. கோபம் உடம்பில் ஏறி இறங்கும் சூடு. இது ஓர்மையில் எழுதி வைத்த கணக்கு. கணக்கு என்று நான் சொல்வது வெறும் உவமைக்காக அன்று. இந்தச் சொல் பிறந்த கதையைப் பார்த்தால், அது உண்மையிலேயே வழக்கும் உரிமையும் பேசப்பட்ட ஒரு மன்றத்தில்தான் தொடங்குகிறது.

இலத்தீன் மொழியில் 'விண்டெக்ஸ்' என்றொரு சொல் உண்டு. உரிமை கோரி முன்வருபவர், ஒருவருக்காகப் பிணை நிற்பவர், காப்பவர், தண்டிப்பவர் ஆகிய பொருள்களை அது ஒருங்கே தாங்கியது. அதன் பிற்பகுதி 'சொல்லுதல், சுட்டிக்காட்டுதல்' என்ற பொருளுடைய வேரோடு சேர்ந்தது. நடுவரைக் குறிக்கும் 'யூடெக்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலும், சுட்டுவதைக் குறிக்கும் 'இண்டெக்ஸ்' என்ற சொல்லிலும் அதே வேர் இருக்கிறது. ஆகவே இந்தச் சொற்குடும்பம் முதலில் கையை ஓங்கவில்லை. வாயைத் திறந்து, 'இது என்னுடையது' என்று பலர் முன்னிலையில் சொன்னது.

பழைய ரோமில் ஒரு பொருளோ அடிமையோ யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தால், உரிமை கேட்பவர் கையில் ஒரு சிறு கோலை எடுத்துக்கொண்டு, வழக்குக்குரியதைப் பற்றிப் பிடித்து, ரோமானியச் சட்டப்படி இது என்னுடையது என்று வகுக்கப்பட்ட சொற்களால் அறிவித்து, 'இதோ, உன்மேல் விண்டிக்டாவை வைத்தேன்' என்று கூறிக் கோலால் தொடுவார். எதிர்த் தரப்பாரும் அப்படியே செய்வார். பொ.ஆ. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்ற சட்ட அறிஞர் தம் பாடநூலில் இந்தச் சடங்கை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோல் ஈட்டிக்குப் பதிலாகப் பிடிக்கப்பட்டது என்றும், நேர்மையான உடைமையின் அடையாளம் அது என்றும் அவர் விளக்குகிறார். ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோலை எடுத்த இந்த மாற்றம் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. அடித்துப் பறிப்பதை விட்டுவிட்டுச் சொல்லிப் பெறுவதற்கு ஒரு சமூகம் கண்டுபிடித்த வழியின் பெயர் அது.

விண்டிக்டா என்ற அதே கோல் அடிமையை விடுதலை செய்யவும் பயன்பட்டது. உரிமையாளர் அடிமையை 'பிரீட்டர்' என்ற நீதி அதிகாரியின் முன் அழைத்துச் செல்வார்; மூன்றாவது ஆள் ஒருவர் அடிமையைக் கோலால் தொட்டு, இவர் சுதந்திர மனிதர் என்று உரிமை கோருவார்; உரிமையாளர் மறுக்காமல் நிற்பார்; அதிகாரி விடுதலையை அறிவிப்பார். இன்று மனத்தில் நஞ்சு வைத்திருப்பவரைச் சுட்டும் சொல்லின் பாட்டி, ஒரு காலத்தில் மனிதரை விலங்கிலிருந்து அவிழ்த்துவிட்ட கோலின் பெயர் என்று சொன்னபோது வகுப்பில் யாரும் நம்பவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

உரிமை கோருதல் என்ற பொருளிலிருந்து பழி தீர்த்தல் என்ற பொருளுக்கு இலத்தீன் மொழியிலேயே இந்தச் சொல் நகர்ந்துவிட்டது. அந்த நகர்வு தமிழ் அறிந்தவருக்கு வியப்பாக இருக்கக் கூடாது. நாமும் 'கடன் தீர்த்தான்' என்கிறோம், 'பழி தீர்த்தான்' என்கிறோம், வினை ஒன்றுதான். எனக்குச் சேர வேண்டியது ஒன்று உன்னிடம் நிற்கிறது, அதை வாங்காமல் விடமாட்டேன் என்ற நினைப்பு இரண்டிலும் இருக்கிறது. சேர வேண்டியது பணமாக இருந்தால் அது கடன். நான் பட்ட நோவுக்கு ஈடான நோவாக இருந்தால் அது பழி. 'பழிவாங்குதல்' என்பதில் உள்ள 'வாங்குதல்' என்ற சொல்லையும் இந்த வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

கிறித்தவ இல்லங்களில் வளர்ந்த என் மாணவியருக்கு இது உடனே பிடிபட ஒரு வசனம் உதவியது. பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 12-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தில், 'பழிவாங்குதல் எனக்குரியது' என்று தமிழ் வேதாகமத்தில் படிக்கிறோம். இலத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் 'மிஹி விண்டிக்டா' என்று இருக்கிறது. மிஹி என்றால் எனக்கு. விண்டிக்டா என்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே சொல். கோட்டாறு மறைமாவட்டத்தின் ஆலயங்களிலும் 1960-களின் சீர்திருத்தம் வரை திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது; ஆகவே இந்த மொழியின் ஒலி நம் ஊருக்குப் புதிதன்று. அந்த வசனத்தில் 'உரியது' என்ற தமிழ்ச் சொல் விழுந்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். பழிவாங்கும் உரிமை உன்னுடையதன்று, அதன் உடைமையாளர் வேறு ஒருவர் என்பதே அங்கே வாதம்.

இலத்தீனிலிருந்து இந்தக் குடும்பம் ஆங்கிலத்துக்கு மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக, தேய்ந்து உருமாறி வந்தவை 'அவெஞ்ச்', 'ரிவெஞ்ச்', 'வெஞ்சன்ஸ்' ஆகியவை. இவை இடைக்காலத்திலேயே ஆங்கிலத்தில் குடியேறிவிட்டன. இத்தாலிய மொழியின் வழியாக, கோர்சிகா தீவின் குடும்பப் பகைகளைக் குறித்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது 'வெண்டெட்டா'. நம் ஆங்கில நாளிதழ்களில் அரசியல் செய்திகளில் இது அடிக்கடி தென்படும். நூல்மொழியாகிய இலத்தீனிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டவை 'விண்டிகேட்' என்ற வினையும் 'விண்டிக்டிவ்' என்ற பெயரடையும். இவை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தன. அதே காலத்தில் 'விண்டிகேட்டிவ்' என்ற நீண்ட வடிவமும் இதே பொருளில் வழங்கியது. ஷேக்ஸ்பியர் தம் ட்ராய்லஸ் நாடகத்தில் அந்த நீண்ட வடிவத்தையே பயன்படுத்தியிருக்கிறார். பிறகு குறுகிய வடிவம் நிலைத்தது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்போதும் இழிவாகவே ஒலித்தது என்று எண்ண வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பலுக்கே இதைப் பெயராக வைத்தது. 1897-இல் நீரில் இறக்கப்பட்ட விண்டிக்டிவ் என்ற கப்பல், முதல் உலகப் போரில் 1918 ஏப்ரல் 23 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூகா துறைமுகத் தாக்குதலில் முன்னணியில் நின்றது. அடுத்த மாதம் ஆஸ்டெண்ட் துறைமுகத்தின் வாயை அடைப்பதற்காக அங்கேயே மூழ்கடிக்கப்பட்டது. எதிரிக்குத் தகுந்த தண்டனை தருவது என்ற பெருமிதம் அந்தப் பெயரில் இருந்தது. சட்ட நூல்களிலும் ஒரு பழைய வழக்கு உண்டு: பாதிக்கப்பட்டவரின் நட்டத்தை ஈடுசெய்வதற்கு மேலாக, தவறு செய்தவருக்குப் பாடம் புகட்டவே விதிக்கப்படும் தொகையை 'விண்டிக்டிவ் டேமேஜஸ்' என்று எழுதுவார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குத் தண்டிக்கும் தன்மையுடைய என்பதே பொருள். நீதிபதி மனத்தில் வஞ்சம் வைத்திருக்கிறார் என்று படிக்கக் கூடாது.

தொடக்க நிலையில் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. 'விண்டிகேட்டட்' என்பதும் 'விண்டிக்டிவ்' என்பதும் எழுத்திலும் ஒலியிலும் அக்கா தங்கைபோல் இருக்கின்றன. பொருளிலோ நேர் எதிர்த் திசைகளில் நிற்கின்றன. முதலாவது, பழி சுமத்தப்பட்ட ஒருவர் குற்றமற்றவர் என்றோ, ஐயத்துக்குள்ளான ஒரு கருத்து சரியானது என்றோ நிறுவப்பட்டதைச் சொல்கிறது. நேர்காணலில், 'விசாரணையில் நான் விண்டிகேட்டட் ஆனேன்' என்று சொல்ல நினைத்தவர் நா பிறழ்ந்து மற்றதைச் சொன்னால், தம்மைப் பற்றியே மிக மோசமான சான்றிதழ் கொடுத்தவராகிவிடுவார். இந்த இரண்டையும் பிரித்து மனத்தில் நிறுத்த, நம் மரபில் எல்லோரும் அறிந்த இரண்டு பெண்களை நான் துணைக்கு அழைப்பது வழக்கம்.

கண்ணகி ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குப் போகிறாள். என் கணவன் கள்வன் அல்லன் என்பது அவளுடைய வழக்கு. சிலம்பை உடைக்கிறாள், உள்ளேயிருந்து தெறித்தது முத்தன்று, மாணிக்கம். அந்த நொடியில் கோவலன் குற்றமற்றவன் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு 'விண்டிகேட்' என்ற வினையைவிடச் சிறந்த சொல் இல்லை. பிறகு மதுரை எரிகிறது. அதை 'அவெஞ்ச்' என்று சொல்லலாம், அதாவது இழைக்கப்பட்ட அநீதிக்குத் தண்டனை தருதல். அப்போதுகூட, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேர்க என்று அவள் தீக்குக் கட்டளையிடுகிறாள். யாருக்கு, எவ்வளவு என்ற வரையறை அங்கே இருக்கிறது. ஆகவே கண்ணகியை விண்டிக்டிவ் என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

மற்றவள் நம் மாவட்டத்து வில்லுப்பாட்டில் வரும் கள்ளியங்காட்டு நீலி. பொருளாசைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் நீலியாக வருகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறந்து, முன்வினை அறியாமல் அந்த வழியே வருகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் கூடிய அவையில், 'இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்' என்று அவள் அழுகிறாள். பெரியவர்கள் அந்த அழுகையை நம்பி வணிகனை அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். அன்றிரவே அவன் சாகிறான். 'நீலிக் கண்ணீர்' என்ற வழக்கு இந்தக் கதையைச் சேர்ந்ததுதான். இங்கேயும் ஓர் அவை இருக்கிறது, 'இவர் எனக்கு உரியவர்' என்ற கோரிக்கை இருக்கிறது, ரோமானியக் கோல் மட்டும்தான் இல்லை. ஆனால் கோரிக்கை பொய். பழி பிறவி தாண்டியும் ஆறவில்லை. தீர்ப்பு வழங்கும் அவையையே தன் கருவியாக்கிக்கொள்ளும் அளவுக்கு அது முதிர்ந்திருக்கிறது. நீலிக்கு முதலில் இழைக்கப்பட்ட கொடுமை உண்மையானது என்பதையும் கதை மறைக்கவில்லை. இந்தப் பெயரடைக்கு ஆளாகும் பலருடைய தொடக்கம் அப்படித்தான் இருக்கிறது. இந்தக் கதையை முப்பந்தல் இசக்கியம்மனோடு சேர்த்தும் சொல்லுவார்கள். சன்னதியில் கும்பிடும் தெய்வத்தின்மேல் இந்தப் பெயரடையை ஒட்ட எனக்கு மனம் வராது; வில்லுப்பாட்டின் கதைமாந்தரைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

தமிழில் இதற்கு ஈடான சொற்கள் குறைவில்லை. அவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது 'வர்மம்'. 'அவன் மனசுல வர்மம் வச்சிருக்கான்' என்று சொன்னால் யாரும் பொருள் கேட்கமாட்டார்கள். அதே சொல் நம் மாவட்டத்தின் வர்மக்கலை ஆசான்மாரிடம் உடலின் உயிர்நிலைகளைக் குறிக்கிறது. மர்மம் என்ற வடசொல்லின் திரிபு அது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 நிலைகளைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். எங்கே தொட்டால் வலிக்கும் என்ற அறிவுக்கும், ஒருவர்மேல் ஆறாத பகைக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருத்தமாக இருக்கிறது. பகையை வளர்த்தவர் எதிரியின் உயிர்நிலையைத் தேடிக்கொண்டே இருக்கிறார். சில வர்மங்களில் அடி விழுந்து நாட்கள் கழித்தே விளைவு தெரியும் என்று ஆசான்மார் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'காழ்ப்பு' என்ற சொல் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. செய்தித்தாள்களில் அரசியல் காழ்ப்புணர்ச்சி என்று படிக்கிறோம். காழ் என்பது மரத்தின் உள்ளே முற்றி இறுகிய வயிரம். கன்னியாகுமரிக் கடல் நடுவே 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர், பகை பற்றிய 879-ஆம் குறளில் 'இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' என்கிறார். முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே களைந்துவிட வேண்டும்; முற்றிவிட்டால் வெட்டுபவர் கையையே அது கிழித்துவிடும். மன்னனுக்குச் சொன்ன அறிவுரைதான் அது. ஆனால் காழ்த்தல் என்ற வினையில் காலமும் இறுக்கமும் சேர்ந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். 'வைரம்' என்ற சொல்லும் இப்படித்தான். மரத்தின் உள்வயிரத்தையும் நவமணிகளில் ஒன்றையும் குறிக்கும் சொல் ஒன்று, பகைமையைக் குறிக்கும் வடசொல் மற்றொன்று. இரண்டும் தமிழ் நாவில் ஒரே ஒலியாகிவிட்டன.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. தமிழில் வைராக்கியம் என்றால் மனவுறுதி, பற்றறுத்தல் என்று நல்ல பொருள். மலையாளத்தில் அதே சொல் அன்றாடப் பேச்சில் மனத்தில் வைத்த பகையைக் குறிக்கும். விளவங்கோடு வட்டத்தில் இரண்டு மொழியும் கலந்து காதில் விழுவதால், என் மாணவர் ஒருவர் விண்டிக்டிவ் என்பதற்கு 'வைராக்கியமுள்ள' என்று எழுதி, மதுரையில் படிக்கும் தம் தோழியைக் குழப்பிவிட்டார். அவர் எழுதியது ஒரு மொழியில் சரி, மற்றொரு மொழியில் பாராட்டு.

இனி ஆங்கிலத்தில் இதன் அண்டை வீட்டுச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'ஸ்பைட்ஃபுல்' என்பதன் வேர், மேலிருந்து கீழே பார்த்தல், அதாவது இகழ்ந்து நோக்குதல் என்ற இலத்தீன் சொல். அது சின்னத்தனமான தீங்கு. முன்பகை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்பவர் இந்த வகை. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே மூக்கை வைத்து ஒரு பழமொழி இருக்கிறது. 'மலீஷியஸ்' என்பது 'தீய' என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தீங்கு செய்யும் எண்ணமே அதில் முதன்மை, காரணம் எதுவாகவும் இருக்கலாம். கணினியைக் கெடுக்கும் நிரலையும் அந்தச் சொல்லால் குறிக்க முடிவது அதனால்தான். நிரலுக்கு ஓர்மையோ பழைய கணக்கோ கிடையாது. 'ரேன்கரஸ்' என்பதன் வேரில் கெட்டுப்போன கொழுப்பின் நாற்றம் இருக்கிறது. ஈரம் போகாத கொப்பரையை ஆட்டி எடுத்த எண்ணெய் சில வாரங்களில் காறல் வாடை அடிக்குமே, அதே வாடைதான். நாள்பட்ட கசப்பை அது சொல்கிறது. ஆனால் அந்தக் கசப்பு கையை நீட்டாமல் உள்ளேயே புளித்துக் கிடக்கலாம். நம் சொல்லில் மட்டும்தான் பழைய கணக்கும் அதை வசூலிக்கும் முனைப்பும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன.

பயன்பாட்டைப் பொறுத்தவரை கடினம் ஒன்றுமில்லை. மனிதர், செயல், பேச்சின் தொனி, சட்டம், தீர்ப்பு ஆகிய எல்லாவற்றின் முன்னும் இந்தப் பெயரடையை வைக்கலாம். யார் மீது என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் 'டுவர்ட்ஸ்' சேர்ப்பது வழக்கம். பெயர்ச்சொல்லாக்க 'விண்டிக்டிவ்னஸ்', வினையடையாக்க 'விண்டிக்டிவ்லி'. ஒலிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழக் கூடாது. நடுவிலுள்ள 'டிக்' என்ற அசையில் விழ வேண்டும். தமிழர் பெரும்பாலும் முதல் அசையை அழுத்திச் சொல்கிறோம், கேட்கும் தேர்வாளருக்கு அது சற்று உறுத்தும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. இது மற்றவரின் உள்ளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் சொல். இடமாற்றம் பெற்ற ஒருவர் புகார் மனுவில் தம் மேலதிகாரியை இந்தச் சொல்லால் குறித்தால், முன்பு என்ன நடந்தது, அதற்கும் இந்த இடமாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பதை அடுத்த வரியிலேயே காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அது வெறும் வசவு. செவிலியர் பணியில் குறிப்பேடு எழுதும்போது இது இன்னும் கூர்மையாகிறது. வலியில் இருக்கும் ஒரு முதியவர் நேற்று ஊசி தவறிப் போட்ட செவிலியரை இன்று திட்டினால், அவர் கோபமாக இருக்கிறார் என்று எழுதலாம். விண்டிக்டிவ் என்று எழுதக் கூடாது.

வகுப்பு முடியும் நேரத்தில், பயிற்சித் தாளில் இருந்த அந்த மேற்பார்வையாளரைப் பற்றி மீண்டும் படித்தோம். ஒரு செவிலியர் விடுப்புக்காகத் தம்மைத் தாண்டி மேலிடத்தில் பேசிவிட்டார் என்பதற்காக, ஓராண்டுக்குப் பிறகும் அவருக்குத் தொடர்ந்து இரவுப்பணி போட்டுக்கொண்டிருந்தவர் அவர். 'கோபக்கார' என்று எழுதியிருந்த ஏழு பேரும் அதை அடித்துவிட்டு, 'பழிவாங்கும் குணமுடைய' என்று எழுதிக்கொண்டார்கள். களியக்காவிளைப் பெண் தாம் எழுதியதை அடிக்கட்டுமா என்று கேட்டார். அடிக்க வேண்டாம், அதன் பக்கத்திலேயே 'வர்மம் வைக்கும்' என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.